செய்தியாளர்க்கு அடைத்த கதவு மக்களுக்கு அடைத்த கதவே!

செய்தித்தாளை ஒடுக்குதற்கு ஆள்வோர் கையாளும் வழிகள் இரண்டு. எழுதியவனைப் பிடித்துச் சிறையிலிடுவது ஒன்று. எழுதுதற்குரிய செய்தியே அவன் கைக்கு எட்டாதவாறு வாயிலை அடைப்பது மற்றொன்று. முன்னது முரடர் வழி. ஊரறிய நடப்பதால் உலகம் பழிக்கும். பின்னது கரவர் வழி. ஓசையின்றி நடப்பதால் பழியும் இல்லை, வழக்கும் இல்லை. இற்றை அரசியலார் பெரிதும் விரும்புவது இவ்விரண்டாம் வழியையே. அதனால் விளையும் கேடு தலைநகரங்களினும் வில்லியனூர், பாகூர் போலும் சிற்றூர்ப் பகுதிகளிலேயே மிகுதி.

வாயிலடைப்பு புதுச்சேரி மண்ணுக்குப் புதிதன்று. பாரதியார் ஆசிரியப் பொறுப்பிலிருந்த 'இந்தியா' கிழமையிதழ் 1908-இல் சென்னையினின்று பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு இடம் பெயர்ந்தது. அச்சகத்தைத் தொடவியலாத ஆங்கில அரசு, இதழ் தன் ஆட்சிப் பரப்புக்குள் நுழைவதைத் தடுத்தது. 1910-இல் இதழ் நின்றுபோயிற்று. எழுத்துக்கும் படிப்பவனுக்கும் இடையே ஒரு கதவை அடைத்தாற் போதும் என்பதை ஆள்வோர் அன்றே அறிந்திருந்தனர்.

வெள்ளையன் போனபின் முரட்டு வழியும் ஓய்ந்தபாடில்லை. நாடாளுமன்ற நிகழ்ச்சிகளை அச்சமின்றி வெளியிடுதற்குப் பெரோசு காந்தியின் முயற்சியால் 1956-இல் வந்த காப்புச் சட்டத்தை, நெருக்கடி நிலையின்போது 1976-இல் இந்திரா காந்தியின் அரசு நீக்கியது. 1977-இல் ஆட்சி மாறியபின்னரே அச்சட்டம் மீண்டது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1987-இல் ஓர் அட்டைப்படக் கேலிக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுஞ்சிறை விதித்தது. எழுந்த கண்டனத்தால் அவர் சில நாள்களிலேயே விடுவிக்கப்பட்டார்; பின்னர் உயர் வழக்கு மன்றம் அவர்க்கு 1,000 உருபா இழப்பீடும் வழங்கச் செய்தது. 2003-இல் அதே மன்றம் 'இந்து' நாளிதழினர்க்கும் 'முரசொலி' ஆசிரியர்க்கும் 15 நாள் சிறை விதித்தபோதும் உச்ச வழக்கு மன்றத்தின் இடைத்தடை குறுக்கே நின்றது. ஒவ்வொரு முறையும் முரடர் வழி ஆள்வோர்க்கே இழுக்கைத் தேடித் தந்தது. அதனாலன்றோ கரவர் வழி பெருகலாயிற்று!

2019-இல் நடுவண் நிதியமைச்சகம், அரசே ஒப்பிசைவு அட்டை வழங்கிய செய்தியாளரும் முன்னிசைவு பெற்றாலன்றி உள்ளே வரலாகாது என்றது. 2022-இல் வெளிவந்த ஒப்பிசைவு நெறிமுறைகளோ, நாட்டின் ஒருமைப்பாட்டுக்கும் பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்திற்கும் ஊறு செய்பவரிடமிருந்து அவ்வட்டையைப் பறிக்கலாம் என்றன. ஊறு எது என்று முடிவு செய்வது யார்? எவரைப்பற்றி எழுதப்படுகின்றதோ அவ்வரசே! 2024 சூலையில் நாடாளுமன்ற வளாகத்திற் செய்தியாளர் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் ஒதுக்கப்பட்டனர். எதிர்க்கட்சித் தலைவர் அவையிலேயே அதனை எடுத்துரைக்க நேர்ந்தது. யாரும் சிறைப்படவில்லை, எவ்விதழும் தடைசெய்யப்படவில்லை. ஆயினும் கேள்வி கேட்போன் தொலைவில் நிறுத்தப்பட்டான்.

தில்லியில் ஒரு கதவு அடைபட்டால் தட்டுதற்கு வேறு பத்துக் கதவுகள் உண்டு. பாகூரில் உண்டா? புதுச்சேரி ஒன்றியப் பகுதியிற் கொம்யூன் ஊராட்சிகள் 10, சிற்றூராட்சிகள் 98. அவற்றுக்கு 1968-இல் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தலுக்கு 38 ஆண்டுகள் கழிந்து 2006-தான் வரவேண்டியிருந்தது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் காலம் 2011-இல் முடிந்தது. ஐந்தாண்டு முடியுமுன்னரே அடுத்த தேர்தலை நடத்தி முடித்தல் வேண்டுமென்று 1992-ஆம் ஆண்டின் 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் கட்டளையிட்டிருந்தும், அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் தேர்தலே இல்லை. 2021-இல் அறிவிக்கப்பட்டதும் இடவொதுக்கீட்டு வழக்கிற் சிக்கி நின்றது.

உள்ளாட்சித் தேர்தலுக்கும் செய்தியாளர்க்கும் என்ன தொடர்பு எனின், கூறுதும். ஊராட்சி உறுப்பினன் மக்களால் வந்தவன்; ஏரி வாய்க்கால் ஏன் தூரெடுக்கப்படவில்லை என்று கேட்டால் வாய்திறந்து விடைசொல்லும் உரிமையுடையவன். அவன் சொல்லாவிடினும் அவனுக்கு எதிராய் நின்று தோற்றவன் சொல்வான். அவனிடத்தில் அமர்த்தப்பட்ட ஆணையரோ அரசூழியர். இசைவின்றி அலுவற் செய்தியை வெளியிடலாகாது என்னும் நடத்தை விதியால் அவர் வாய் கட்டுண்டது. "மேலே கேளுங்கள்" என்பதே அவர் விடை. அந்த 'மேலே' என்பது தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடமோ அமைச்சரிடமோ சென்று முடியும். பல வாய்கள் பேசவேண்டிய ஊரில் ஒரே வாய் எஞ்சுகின்றது. அவ்வாய் விரும்பியதே செய்தி. அவ்வாய் அழைத்தவனே செய்தியாளன்.

சிற்றூர்ச் செய்தியாளன் நிலையோ இரங்கத்தக்கது. பெரும்பாலும் அவன் பகுதிநேர ஊழியன். நிலைத்த சம்பளம் அரிது. செய்தி எழுதும் அவனே தன் இதழுக்கு விளம்பரமும் திரட்டல் வேண்டும். அவ்விளம்பரம் தருவோர் யாவர்? பிறந்தநாள் வாழ்த்துக்கும் திறப்புவிழாவுக்கும் பக்கம் வாங்கும் அதே அரசியலார்! வாய்க்காலைப் பற்றி ஒருவரி எழுதினால் அடுத்த விழாவிற்கு அழைப்பில்லை. அடுத்த திங்களுக்கு விளம்பரமும் இல்லை. அவனைச் சிறையிலிட எந்தச் சட்டம் வேண்டும்? பசி ஒன்று போதாதா?

பாகூர் மூலநாதர் கோயிலிற் சோழர்காலக் கல்வெட்டுகள் உள்ளன. ஊரவையார் கூடி நிலத்தைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் செய்த முடிபுகள் அவற்றிற் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவ்வவையில் எல்லார்க்கும் இடமிருந்ததென்று சொல்வதற்கில்லை. ஆயினும் எடுத்த முடிபைக் கல்லில் வெட்டி ஊர் நடுவே நிறுத்தும் துணிவு அவ்வவைக்கு இருந்தது. குடியாட்சி என்று பெயர் சூட்டிக்கொண்ட இக்காலத்தில், அதே பாகூரின் ஏரிக்குச் செலவான தொகையை அறிய ஒருவன் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் எழுதிக் காத்திருத்தல் வேண்டும். அச்சட்டத்தையும் 2023-ஆம் ஆண்டின் தரவுக் காப்புச் சட்டத்தால் நறுக்கினர்; தனியாள் செய்தி என்று சொல்லி மறுப்பதற்கு வழி அகன்றது.

வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அகத்தோபர் 18-இல் 178 மக்கட் பேராளர்கள் கூடினர். இந்தியாவுடன் இணைவதற்கு 170 பேரும் எதிராக 8 பேரும் வாக்களித்தனர். இம்மண்ணின் தலைவிதியையே முடிவுசெய்த அவ்வவையில் கொம்யூன் பேராளர்களும் இருந்தனர். அத்தகைய கொம்யூனுக்கு ஒரு பேராளனும் இல்லாத நிலையை ஆண்டாண்டாக நீட்டிப்பது எவ்வளவு பெரிய இழிவு!

எனவே, செய்தியாளர் உரிமையைச் செய்தியாளர் சிக்கலென்று மக்கள் ஒதுக்கிவிடலாகாது. அவன் கேட்கும் கேள்வி ஊரின் கேள்வி. உள்ளாட்சித் தேர்தலைத் தவறாது நடத்துமாறு ஊர்தோறும் குரல் எழுதல் வேண்டும். கொம்யூன் அலுவலகத்தின் வரவு செலவும் பணியொப்பந்தமும் தூய எளிய தமிழில் வாயிற்பலகையில் எழுதப்படல் வேண்டும். அரசு விளம்பரம் ஆள்வோர் கைக்கூலியாக இல்லாமல், வெளிப்படையான அளவீட்டின்படி வழங்கப்படல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மை எழுதும் சிற்றிதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் வழக்கம் தமிழரிடை ஓங்குதல் வேண்டும். படிப்போர் தாங்கும் இதழுக்குப் பிறந்தநாள் விளம்பரம் தேவையில்லை.

அடைத்த கதவு தானே திறவாது. உள்ளிருப்போர் திறக்கும்வரை ஊர் ஒன்றுகூடித் தட்டுக!