கடலிற் கரைத்த பெருங்காயமா?
மயிலிட்டித் துறைமுகத்தை முன்வைத்துச் சில வினாக்கள்

நெய்தல் நிலத்தின் பெருமை பேசாத தமிழ்விழா அரிது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையும், அங்குப் பொதிகளுக்குப் புலி இலச்சினை பொறித்த சுங்கத்தாரும் மேடைதோறும் எடுத்துரைக்கப்படுகின்றனர். ஆயின், இன்று தமிழர் தொழில் செய்யும் கரைகளில் உள்ள துறைகளின் நிலை யாது என்ற வினா அம்மேடைகளில் எழுவதில்லை. பழந்துறையின் புகழைப் பாடும் நாவுக்குத் தன் ஊர்த் துறையில் மிதக்கும் கழிவெண்ணெய் ஒரு பொருளாகவே தோன்றுவதில்லை. இம்முரண்பாட்டை ஆராய்வதற்கு மயிலிட்டி தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே அமைந்துள்ள மயிலிட்டி, 1990 ஆம் ஆண்டுக்கு முன்னர் இலங்கையின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கியது. அவ்வாண்டு யூன் மாதத்தில் போர் காரணமாக ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. நிலமும் துறையும் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. கடலையே நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நலன்புரி நிலையங்களிலும் பிற ஊர்களிலும் இருபத்தேழு ஆண்டுகளைக் கழித்தன. 2017 யூலை 3 ஆம் நாள் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த ஒரு பகுதி நிலமும் மக்களிடம் மீண்டன. 2018 ஆகஸ்டில் புனரமைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2019 ஆகஸ்டில் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. 2025 செப்ரெம்பரில் மூன்றாங் கட்ட வேலைகள் தொடக்கிவைக்கப்பட்டன. கல்நாட்டு விழாக்களிற் பேசப்பட்டவை அணையின் நீளமும் ஒதுக்கிய தொகையுமே. மீண்ட கடல் எத்தகைய கடலாக இருக்கவேண்டும் என்ற வினாவுக்கு அங்கு இடமிருக்கவில்லை.

இவ்வினாவை எழுப்புவோருக்கு உடனடியாகக் கிடைக்கும் மறுமொழி ஒன்றுண்டு. “முதலில் படகு கட்ட இடம் வேண்டும், வயிறு நிறைய வேண்டும், சூழல் என்பது செல்வந்த நாடுகளின் கவலை” என்பதே அது. மேலோட்டமாக நோக்குமிடத்து இக்கூற்றில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றலாம். உல்லாசப் படகுத் துறைகளைத் தூய்மையாகப் பேணும் இயக்கங்கள் மேலைநாடுகளிலேயே தோன்றின என்பது உண்மை. 1985 இல் பிரான்சில் தொடங்கப்பட்ட நீலக்கொடித் திட்டம், நீராடு கரைகளோடு படகுத் துறைகளையும் தரப்படுத்தி, தகுதியுடையவற்றுக்கே கொடி வழங்கி வருகின்றது. எனினும் இதிலிருந்து பெறப்படும் முடிபு நேர்மாறானது. மாசடைந்த துறையினால் உல்லாசப் படகின் உடைமையாளன் இழப்பது ஒரு விடுமுறையை. மயிலிட்டித் தொழிலாளி இழப்பதோ அன்றாட உலையை. செல்வந்தன் வேறொரு கரைக்குச் செல்வான். இருபத்தேழு ஆண்டு காத்திருந்து ஒரே துறையை மீளப்பெற்றவன் எங்கே செல்வான்? துறையின் தூய்மை ஏழையின் பிரச்சினையே என்பதை மறுப்போர் ஏழையின் பெயரால் யாருக்காகப் பேசுகின்றனர்?

“கடலிற் கரைத்த பெருங்காயம்” என்பது பழமொழி. எதைக் கொட்டினும் கடல் விழுங்கிவிடும் என்ற நம்பிக்கை மக்களிடமும் அதிகாரிகளிடமும் ஒருசேர நிலவுகின்றது. திறந்த கடலுக்கே முழுமையாகப் பொருந்தாத இந்நம்பிக்கை, துறைமுகத்துக்குச் சிறிதும் பொருந்தாது. அலைதடுப்பணையின் நோக்கமே வெளிக்கடலின் அசைவை உள்ளே விடாது தடுப்பதாகும். அலையை மறிக்கும் அணை நீரின் போக்குவரத்தையும் மறிக்கின்றது. பாக்கு நீரிணையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலால் நாள்தோறும் வெளியேறிப் புதிதாக உள்வரும் நீரின் அளவும் சிறிதே. இயந்திரத்திலிருந்து ஒழுகும் டீசலும், படகின் அடித்தட்டில் தேங்கி இறைக்கப்படும் எண்ணெய் கலந்த நீரும், அறுந்த வலைத் துண்டுகளும், மீன் கழிவும் அணைக்குள்ளேயே சுழல்கின்றன. கனமானவை அடிச்சேற்றிற் படிகின்றன. பாசி பிடிக்காதிருக்க அடிப்பாகத்துக்குப் பூசப்படும் வண்ணங்களிலுள்ள செம்பும் அச்சேற்றிலேயே சேர்கின்றது. இத்தகைய பூச்சுகளிற் கொடியதான கரிமவெள்ளீயச் சேர்வையை உலக நாடுகள் உடன்படிக்கை செய்து 2008 முதல் தடைசெய்ய நேர்ந்தது, துறைமுகச் சேற்றையும் சிப்பி இனங்களையும் அது பாழாக்கியமை மெய்ப்பிக்கப்பட்டதனாலேயே. அணைக்குள் உள்ள நீராலேயே மீன் கழுவப்படுமாயின், கடலில் நல்லதாகப் பிடிபட்ட மீன் கரையிற் கெட்டுப்போகும். விலையும் அதனோடு வீழும்.

குடாநாட்டுக்குச் சிறப்பாக உரிய ஆபத்து மற்றொன்றுமுண்டு. இந்நிலம் வெடிப்பும் குகையும் பொருந்திய சுண்ணாம்புக் கல்லாலானது. ஆறில்லாத இம்மண்ணில் அக்கல்லிடுக்கில் தங்கும் மழைநீரே கிணற்று நீர். துறைமுகத்து எரிபொருள் நிலையத்திலும் இயந்திரம் திருத்தும் இடத்திலும் நிலத்திற் சிந்தும் எண்ணெய் எங்கே செல்லும் என்பதை அறிய நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தியை ஊரே அறியும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனத்தை இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. இழப்பீடு பணமாக வரும். கெட்ட கிணறு நல்ல கிணறாக எப்போது மாறும் என்பதை எந்தத் தீர்ப்பும் சொல்ல இயலாது.

இரண்டாவது மறுமொழி படித்தவர்களிடமிருந்து வருவது. “கடற்றொழிலாளரின் அறியாமையே மாசுக்குக் காரணம், அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டினாற் போதும்” என்பர் இவர்கள். கருத்தரங்கு நடத்திச் சுவரொட்டி ஒட்டிவிட்டுத் திரும்பும் இம்மனப்பாங்கில் ஒரு வகுப்புச் செருக்கு ஒளிந்துள்ளது. பத்து லீற்றர் பழைய எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாலையில் நிற்கும் ஒருவனிடம், “கடலில் ஊற்றாதே” என்பது எளிது. எங்கே ஊற்றுவது என்பதற்கு விடை தருவதே கடினம். பழக்கம் என்று இகழப்படுவது பெரும்பாலும் வசதியின்மையின் மறுபெயரேயாகும். கப்பற் கழிவை ஏற்பதற்கான வசதியைத் துறைமுகமே அமைத்தல் வேண்டும் என்பது மார்ப்போல் என வழங்கும் உலக உடன்படிக்கையின் அடிப்படைகளுள் ஒன்று. இலங்கையில் 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தினால் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை இயங்குகின்றது. 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது நாடே கடல் மாசு பற்றிப் பேசிற்று. சிறு துறைகளில் நாள்தோறும் துளித்துளியாக நிகழும் மாசு செய்தியாவதில்லை. ஆதலால் சட்டமும் அங்கே உறங்குகின்றது.

வசதி செய்து கொடுத்தால் தொழிலாளர் பயன்படுத்துவரா என ஐயுறுவோர் கேரளத்தை நோக்குக. 2017 இல் கொல்லத்தை அடுத்த சக்திகுளங்கரை, நீண்டகரைத் துறைகளில் ‘சுசித்வ சாகரம்’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது. வலையில் மீனோடு சிக்கும் பிளாஸ்ரிக்கை மீண்டும் கடலில் எறியாது பைகளில் இட்டுக் கரைசேர்த்தவர்கள் அத்தொழிலாளரே. கரையிற் பெண்கள் அதனைத் தரம்பிரித்தனர். பின்னர் அது துருவப்பட்டு வீதி அமைக்கப் பயன்பட்டது. அம்மீனவர் மயிலிட்டி மீனவரை விடப் படித்தவரோ செல்வரோ அல்லர். கரையில் அக்கழிவை ஏற்க ஓர் ஆளும் ஓர் இடமும் இருந்தன என்பதே வேறுபாடு. அதேவேளை, வசதி அமைந்தபின்னும் கடலில் ஊற்றுபவனைத் தண்டிக்கும் துணிவு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வேண்டும். தன் உறுப்பினனைக் கண்டிக்க அஞ்சும் சங்கம் அரசைக் கண்டிக்கும் உரிமையை இழந்துவிடும்.

இவையனைத்திலும் கொடுமையானது மயிலிட்டித் துறையில் நிறுத்திவைக்கப்படும் இழுவைப் படகுகளின் பிரச்சினையாகும். எல்லைதாண்டி வந்து கைப்பற்றப்படும் தமிழகத்து இழுவைப் படகுகள் வழக்குப் பொருள்களாக இங்கே கட்டிவைக்கப்பட்டு வந்துள்ளன. வழக்கு நீள்கின்றது, படகு மழையிலும் வெயிலிலும் இற்றுப்போகின்றது, சில நீரில் தாழ்ந்தும் போயின. அவை தம் படகுகளுக்குரிய இடத்தை அடைத்துக் கொள்கின்றன என்றும், எண்ணெய் கசிகின்றது என்றும், காற்றடிக்கும் காலத்தில் தம் படகுகளோடு மோதுகின்றன என்றும் உள்ளூர்த் தொழிலாளர் முறையிட்டு வந்துள்ளனர்.

இழுவைமடி என்பது கடலின் அடித்தளத்தையே அரித்துச் செல்லும் தொழில். 1952 இல் கேரளத்தில் தொடங்கிய இந்தோ-நோர்வேத் திட்டத்தின் வழியாகவும், பின்னர் இறால் ஏற்றுமதியின் கவர்ச்சியாலும் பரவிய இம்முறை, தன் கரையை வறிதாக்கியபின் அயற்கரையை நாடிற்று. அதன் கேட்டை உணர்ந்தே 2017 இல் இலங்கை தன் கடலில் அதனைச் சட்டத்தால் தடைசெய்தது. அவ்வாறாயின், கடலில் இருந்தபோது மயிலிட்டித் தொழிலாளியின் வலையை அறுத்த படகு, பிடிபட்டபின் அவனது துறையையும் பாழாக்குவது என்ன நீதி? குற்றம் செய்தவன் ஒருவன். பிடித்துப் பெயர் பெற்றவன் வேறொருவன். தண்டனை அனுபவிப்பவன் முறைப்பாடு செய்தவன். 2022 பெப்ரவரியில் வடபகுதித் துறைகள் சிலவற்றிற் பிடிபட்ட படகுகள் ஏலமிடப்பட்டன. விற்பது தீர்வென்றால் அது ஆண்டுக்கொரு விழாவாக அன்றித் தொடர்ந்த நடைமுறையாக வேண்டும். பிடிபட்ட அன்றே எரிபொருளையும் எண்ணெயையும் வடித்தெடுத்தல், நிழற்படமும் அளவீடும் கொண்ட சான்றை நீதிமன்றத்துக்கு அளித்துக் கலத்தைக் கரையேற்றல், தீர்ப்பின்பின் முறையாகப் பிரித்தழித்தல் என்பன பெருஞ்செலவுடையன அல்ல. இதனைக் கேட்பது தமிழகத்து மீனவருக்கு எதிரான பகையுமன்று. இழுவைப் படகின் உடைமையாளர் வேறு. அதிற் கூலிக்குச் சென்று சிறைபுகும் ஏழை வேறு.

இனி, புயலுக்கும் உயரும் கடலுக்கும் ஈடுகொடுத்தல் பற்றிச் சிந்திக்கலாம். இங்கே அரசின் விடை ஒன்றே: மேலும் கல், மேலும் உயர்ந்த அணை. 2006 இற்கும் 2018 இற்கும் இடையில் உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரி 3.7 மில்லிமீற்றர் உயர்ந்ததாக அறிஞர் கணித்துள்ளனர். சோளகக் காற்றின்போது அமைந்திருக்கும் வடகரை, வாடைக் காற்றின்போது கொந்தளிப்பை நேரே எதிர்கொள்வது. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி இலங்கையின் வடகரையையும் விட்டுவைக்கவில்லை. ஆதலால் அணை தேவையே. ஆனால் கரையோர மணலின் போக்கை அறியாது எழுப்பப்படும் அணை ஒரு கரையைக் காத்து மறு கரையைத் தின்னும். தமிழர் செவிக்கு ‘மெரீனா’ என்றதும் நினைவுக்கு வரும் சென்னைக் கடற்கரையே இதற்குச் சான்று. துறைமுக அணைகள் எழுந்தபின் தெற்கே மணல் குவிந்து அக்கரை விரிந்தது; வடக்கே இராயபுரத்து மீனவரின் கரை கடலாற் கரைந்தது. உலாவச் சென்றவர் மணலைக் கண்டனர், வீடிழந்தவரைக் கண்டிலர்.

அவ்வளவு தொலைவும் போகவேண்டியதில்லை. டென்மார்க்கின் கடனுதவியோடு அமைக்கப்பட்டு 2013 செப்ரெம்பரில் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் நம் கண்முன்னே உள்ளது. அணைகள் மணலை மறித்தன; வாயிலை மணல் தூர்த்தது; வடபுறத்தே ஒலுவில், நிந்தவூர் மக்களின் தென்னந்தோப்புகள் கடலுள் வீழ்ந்தன. துறையும் பயனற்றுப் போயிற்று; கரையும் போயிற்று. ஒலுவிலில் விவசாயியும் மீனவனும் கொடுத்த விலையைப் பாடமாகக் கொள்ளாது மயிலிட்டியிற் கல் அடுக்குவது திட்டமிடலன்று, சூதாட்டம். வாடையிலும் சோளகத்திலும் கரை எவ்வாறு மாறுகின்றதென ஆண்டுதோறும் அளந்து, அவ்வளவீட்டை ஊராரின் பார்வைக்கு வைத்தபின்னரே அடுத்த கல் கடலில் விழவேண்டும். எந்தக் காற்றில் எந்த இடத்தில் மணல் ஏறும் என்பதை அறிந்த முதியவர்கள் இன்றும் உளர். அவர்களின் அறிவை ஆவணப்படுத்துவது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் தகுந்த பணியேயாகும். காற்றின் பெயர்களும் நீரோட்டத்தின் பெயர்களும் தமிழ்ச் சொற்களல்லவா?

ஆகவே மயிலிட்டியில் வேண்டப்படுவன எளியவை: கழிவெண்ணெய்க்கு ஒரு தொட்டியும் அதனைத் தவறாது அகற்றும் ஏற்பாடும், அறுந்த வலைக்கும் பிளாஸ்ரிக்குக்கும் ஒரு கொட்டகை, எண்ணெய் நிலத்துள் இறங்காத தளம், மீன் கழுவத் தூயநீர், பிடிபட்ட படகுகளை அகற்றுவதற்கு ஒரு காலவரையறை, இவற்றை மேற்பார்வை செய்யும் குழுவில் சங்கப் பிரதிநிதிகளுக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும் வாக்குரிமை. துறைமுகக் கூட்டுத்தாபனமும் அமைச்சும் இவற்றைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிவைக்குமாயின் அக்கட்டம் ஒருபோதும் வராது. ஏனெனில் இவற்றுக்குத் திறப்பு விழா நடத்த இயலாது. எண்ணெய்த் தொட்டிக்கு எவரும் நாடா வெட்டுவதில்லை.

1990 இல் மயிலிட்டி மக்களைக் கடலிலிருந்து பிரித்தது போர். அப்பிரிவுக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்கள் பலர். அக்குரலாலேயே துறை மீண்டது. இனி அதே கடல் அணைக்குள் மெல்லக் கெட்டுப்போகுமாயின், மக்கள் மீண்டும் அதனை விட்டு நீங்குவர். இம்முறை அவர்களை வெளியேற்ற எந்தப் படையும் தேவைப்படாது. வெறும் வலையோடு திரும்பும் நாள்களே போதும்.