நீல வெளிச்சமும் ஒரு பழைய மொரிஸ் மைனரும்

அரசியலையே எழுதிக்கொண்டிருந்த இவனுக்கு இப்போது கார் விளக்கைப் பற்றி எழுத என்ன வந்தது என்று சிலர் நினைக்கக்கூடும். ஏ-9 வீதியில், மாங்குளத்துக்கு அப்பால், கடந்த ஆண்டு ஓர் இரவில் மாடு ஒன்றின் மீது மோதாமல் மயிரிழையில் தப்பியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். மாடு படுத்திருந்த இடத்தில் தெருவிளக்கு எதுவும் இல்லை. என் காரின் டாஷ்போட்டில் மட்டும் வெளிச்சம் தாராளமாக இருந்தது. வினையே அதனால்தான் வந்தது.

அந்தக் கார் 1959 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். 1967 இல் எனது மாமனார் பழைய காராக வாங்கியது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து, 1948 இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் வரையில் செய்யப்பட்ட வாகனம் இது. யாழ்ப்பாணத்து ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் ஓய்வூதியத்தை நம்பி வாங்கிய கார் என்று இதனைச் சொல்லலாம். இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து இருக்கிறது. அந்த ஓர் எழுத்துக்காக 1957, 1958 ஆம் ஆண்டுகளில் தமிழர் தார்ச் சட்டியும் தூரிகையுமாக வீதிக்கு இறங்கியதை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று குறைவு. அது வேறு கதை.

மைனரில் வேகமானி ஓட்டுநருக்கு நேர் எதிரே இல்லை. 1954 இலிருந்து அது டாஷ்போட்டின் நடுவில், ஒரு பெரிய வட்ட முகமாக அமைந்தது. பெற்றோல் அளவைக் காட்டும் முள்ளும் அதே வட்டத்துக்குள்தான். வேகம் மைலில் எழுதப்பட்டிருக்கும். நகரத்துக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர் என்றால் 31 மைல் என்றும், வெளியே 70 என்றால் ஏறத்தாழ 44 மைல் என்றும் மனத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். இந்த முகத்துக்கு ஒளி தருபவை 2.2 வாட் மின்குமிழ்கள் இரண்டு. விரல் நுனியளவானவை.

எங்கள் காரில் அந்தக் குமிழ்கள் முப்பது ஆண்டுகளாக இருக்கவில்லை. 1990 ஆனியில் யுத்தம் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பெற்றோலுக்குத் தடை. ஒரு சிறு போத்தல் பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு. அதன் வெளிச்சத்தில்தான் நான் செய்தி எழுதினேன். மாமனார் பாம்புக்கடி, பிள்ளைப்பேறு என்று இரவில் வந்து கதவைத் தட்டுபவர்களைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வார். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் முன்விளக்கை அணைத்துவிட வேண்டும். ஒருநாள் டாஷ்போட்டுக் குமிழ்கள் இரண்டையும் அவர் கழற்றுவதைக் கண்டு, இந்தச் சின்ன வெளிச்சமுமா மேலே தெரியும் என்று கேட்டேன்.

“அவனுக்குத் தெரியும் எண்டதுக்காக இல்லைத் தம்பி. இது எரிஞ்சா எனக்கு வெளியிலை தெரியாது” என்றார்.

அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அந்தக் கார் எங்களுடன் சாவகச்சேரி வரை வந்தது. யுத்தம் முடிந்த பின்னும் குமிழ்களை யாரும் திரும்பப் பூட்டவில்லை. மாமனாரும் போய்விட்டார். குமிழ் பூட்டும் கூடுகள் துருப்பிடித்துப் போயின.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இந்நாட்டில் ஓடக்கூடிய எந்தத் தகரமும் தங்கமாயிற்று. பழையதை விற்றவன் புதியதை வாங்க முடியாது என்பதால் எல்லோரும் பழையதைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைந்தவர்களுள் நானும் ஒருவன். அந்த அலைச்சலின் கடைசியில்தான் டாஷ்போட்டு விளக்கு நினைவுக்கு வந்தது.

வேலைக்கு வந்தவர் ஓர் இளைஞர். கெட்டிக்காரர், அதில் ஐயமில்லை. “ஐயா, இதுக்கு நீலம் போட்டா நல்ல வடிவாயிருக்கும்” என்றார். எல்.ஈ.டி. குமிழ் ஒன்றை எடுத்துத் திருகினார். எரியவில்லை. இன்னொன்று, அதுவும் எரியவில்லை. ஐந்து குமிழ்களைப் பழுது என்று ஒதுக்கி வைத்தார். ஐந்தும் நல்ல குமிழ்களே. இன்றைய கார்களில் பற்றரியின் மறைமுனை காரின் உடலுடன் இணைக்கப்படுகிறது. என் காரைப் போன்ற பழைய மொரிஸ்களில் நேர்முனையே உடலுடன் இணைந்திருக்கும். இழைக் குமிழுக்கு இது ஒரு பொருட்டல்ல. எந்தப் பக்கமிருந்து மின் வந்தாலும் இழை சூடேறும். எல்.ஈ.டி. ஒருவழிப் பாதை. மாறிக் கொடுத்தால் மௌனம்தான். மறுவாரம் இரு திசைக்கும் பொருந்தும் குமிழ்களைத் தேடிப் பிடித்து வந்து பூட்டினார். வேகமானி நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டி போல ஒளிர்ந்தது. பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

பிறகுதான் வவுனியாவில் ஒரு மரணவீட்டுக்குப் போய் இரவில் திரும்பினேன். ஓமந்தை தாண்டும்போதே ஏதோ அசௌகரியம். நீல வெளிச்சம் முன்கண்ணாடியின் உட்புறத்தில் பட்டு, வீதியின் மேல் ஒரு நீல நிலவு போல மிதந்துகொண்டிருந்தது. எதிரே வாகனம் இல்லாத வேளையிலும் வீதியோரம் தெரியவில்லை. மாங்குளம் கழிந்து சில நிமிடங்களில் அந்த மாடு. எத்தனை யார் தூரத்தில் நிறுத்தினேன் என்று சொல்லத் தெரியாது. அது எழும்பவும் இல்லை. தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் காரை நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் வாங்கும் சாட்டில் நெடுநேரம் நின்றேன். கை நடுக்கம் தீர வேண்டியிருந்தது. அப்போதுதான் மாமனார் சொன்னது விளங்கியது.

மனிதக் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக அரை மணி நேரமளவு எடுக்கிறது. விழித்திரையில் மங்கலான ஒளியை உணரும் கோல் கலங்களில் உள்ள நிறப்பொருள் மெல்ல மெல்லத்தான் மீள உருவாகும். பிரகாசமான ஒளி பட்டால் அது சில கணங்களில் வெளிறிவிடுகிறது. இந்தக் கோல் கலங்கள் அதிகம் உணர்வது நீலப் பச்சை ஒளியை. சிவப்பை அவை ஏறத்தாழ உணர்வதே இல்லை. ஆக, இரவில் கண்ணின் அருகே வைப்பதற்கு மிகக் கெட்ட நிறம் எதுவென்று தேடினால் நாம் தெரிந்தெடுத்த நிறமே முன்னுக்கு நிற்கும். வயது இன்னொரு சுமை. அறுபது வயதுக்காரரின் விழித்திரையைச் சென்றடையும் ஒளி, இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்களவுதான். மஞ்சள் படிந்த கண்வில்லை நீல ஒளியைச் சிதறவும் செய்கிறது. இருபது வயதுக் கண்ணுக்கு வடிவாகத் தெரிந்தது என் கண்ணுக்குப் புகைமூட்டமாகத் தெரிந்ததற்கு அந்த இளைஞர் பொறுப்பல்லர்.

நீல எல்.ஈ.டி.யின் மீது எனக்குப் பகை கிடையாது. ஜப்பானியரான அகாசாக்கி, அமானோ, ஜப்பானில் பிறந்த நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014 இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காகவே. இன்று வீட்டில் எரியும் வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகள் பெரும்பாலும் நீல ஒளியின் மேல் மஞ்சள் பூச்சிட்டுப் பெறப்படுபவை. ஆனால் ஒரு பொருள் அரிய கண்டுபிடிப்பு என்பதற்காக அதை எல்லா இடத்திலும் செருக வேண்டுமா? கார் செய்பவர்களே இதில் பட்டுத் தெளிந்தவர்கள். 1990களின் பிற்பகுதியில் வொக்ஸ்வாகன் நிறுவனம் நீல வெளிச்சமும் சிவப்பு முள்ளுமாக டாஷ்போட்டுகளை அமைத்தது. பத்தாண்டு கழித்து வெள்ளைக்கு மாறிக்கொண்டது. பி.எம்.டபிள்யூ. நெடுங்காலம் செம்மஞ்சளை விட்டு அசையவில்லை. சுவீடனின் சாப் நிறுவனம் விமானமும் செய்தது, காரும் செய்தது. 1990களில் அது தன் கார்களில் ஒரு பொத்தானை வைத்தது. அழுத்தினால் வேகமானி தவிர மற்ற விளக்குகள் எல்லாம் அணைந்துவிடும். என் மாமனாருக்கு அந்தக் காரைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எல்.ஈ.டி. போட்டால் பற்றரிக்கு மிச்சம் என்பது இன்னொரு வியாபாரப் பேச்சு. கணக்கைப் பாருங்கள். 2.2 வாட் குமிழ் இரண்டும் சேர்ந்து எடுப்பது அரை அம்பியருக்கும் குறைவு. முன்விளக்குகள் இரண்டும் உயர்கற்றையில் எடுப்பது அதைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு. டாஷ்போட்டில் மிச்சம் பிடித்துப் பற்றரியைக் காப்பது, கஞ்சிக்கு உப்பைக் குறைத்துக் கலியாணச் செலவைச் சரிக்கட்டுவது போன்றதாகும்.

முடிவில் கொக்குவிலில் எழுபது தாண்டிய ஒரு மெக்கானிக்கிடம் போனேன். பிரித்தானியக் கார்களின் மின்சாதனங்களைச் செய்த ஜோசப் லூக்காஸை அந்நாட்டுக் கார்ப் பிரியர்கள் ‘இருளின் இளவரசன்’ என்று கேலி செய்வது வழக்கம். அதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “கழுவாமல் விட்டது நீங்கள், பழி அவனுக்கோ?” என்றார். நியாயந்தான். வேகமானியைக் கழற்றித் திறந்து காட்டினார். அதன் உட்சுவரில் பூசப்பட்டிருந்த வெள்ளை மை பழுத்து உரிந்திருந்தது. குமிழின் ஒளி நேரே முகத்தில் விழுவதில்லை; அந்த வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறித்தே முகம் முழுவதும் பரவுகிறது. இழைக் குமிழ் எல்லாத் திசைக்கும் ஒளி வீசுவதால் அந்த அமைப்பு அதற்குப் பொருந்தும். எல்.ஈ.டி. பெரும்பாலும் முன்னோக்கியே வீசும். அதனால்தான் ஓரிடத்தில் கண்ணைக் குத்தியும் மற்ற இடத்தில் இருண்டும் இருந்தது. உட்புறத்துக்குப் புதிதாக வெள்ளை பூசி உலரவிட்டார். கூடுகளின் துருவைச் சுரண்டினார். காரின் உடலோடு புதிதாக ஒரு கம்பி இழுத்து இணைத்தார். பழைய வகை 2.2 வாட் குமிழ்கள் இரண்டைத் திருகினார். மெல்லிய மஞ்சள் வெளிச்சம். முள்ளும் தெரிகிறது, எண்ணும் தெரிகிறது, வீதியும் தெரிகிறது. வெளிச்சம் போதாது என்று குறைப்படுபவர்களுள் பெரும்பாலானோருக்குத் தேவை புதுக் குமிழ் அல்ல, துப்புரவே என்பது எனது எண்ணம்.

எல்.ஈ.டி.தான் வேண்டும் என்பவர்கள் இளமஞ்சள் சார்ந்த வெள்ளையை, அதுவும் மிகக் குறைந்த ஒளியுள்ளதைத் தெரிந்தெடுக்கட்டும். பழைய கார்களில் வெளிச்சத்தைக் குறைக்கும் திருகு, மின்னோட்டத்துக்குத் தடை போட்டே வேலை செய்கிறது. எல்.ஈ.டி. எடுக்கும் மின் மிகச் சொற்பம் என்பதால் அந்தத் தடை அதனிடம் பெரிதாக எடுபடாது. குறைக்க முடியாத வெளிச்சத்தைப் பூட்டிவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை. இன்னொரு எச்சரிக்கை, மைனருக்கு அல்ல, 1970களுக்குப் பிந்திய கார்களுக்கு. பற்றரிக்கு மின்னேறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கைத் தொடாதீர்கள். பல கார்களில் மின்பிறப்பாக்கியை உசுப்பும் முதல் மின்னோட்டம் அந்தச் சிறு குமிழின் ஊடாகவே போகிறது. எல்.ஈ.டி. மாற்றினால் போதிய மின் போகாது. மின்னேற்றம் தொடங்காமலே விடக்கூடும். நண்பர் ஒருவர் 1980களின் ஜப்பானியக் காரில் எல்லாக் குமிழ்களையும் மாற்றிவிட்டு, அடுத்த நாள் காலை காரைத் தள்ளுவதற்கு எங்களைக் கூப்பிட்டார்.

2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருந்த மேலதிக அலங்காரங்களைப் பொலிஸார் கழற்றத் தொடங்கியபோது நாட்டில் பெரும் வாதம் எழுந்தது. அலங்காரம் கலையா, இடையூறா என்று ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். சாரதியின் மூக்குக்கு நேரே எரியும் நீல, ஊதா விளக்குகள் அவரது கண்ணை என்ன செய்கின்றன என்று கேட்டவர்கள் என் காதில் விழவில்லை. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு இரவிரவாக யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடும் மனிதரின் கண் அது. இப்போது இறக்குமதியாகும் புதிய கார்களில் வேகமானிக்குப் பதிலாகத் தொலைக்காட்சி போன்ற திரைகள். அவற்றிலாவது ஒளியைக் குறைக்க வழி இருக்கிறது. குறைத்து வைத்திருப்பவர் எத்தனை பேர் என்பதை இரவில் ஒரு தெருமுனையில் நின்று பார்த்தால் தெரியும். சாரதியின் முகமே நீலமாக இருக்கும்.

கழற்றிய நீலக் குமிழ்கள் இரண்டும் மேசை லாச்சியில் கிடக்கின்றன. அந்த இளைஞர் அண்மையில் வந்தபோது புதிய வெளிச்சத்தைப் பார்த்து, “பழையபடி மங்கலாக்கிப் போட்டீங்களே ஐயா” என்று கவலைப்பட்டார். இரவில் ஒருதரம் கொடிகாமம் வரை ஓட்டிப் பாரும் என்று திறப்பைக் கொடுத்தேன். திரும்பி வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெள்ளை மை என்ன வகை என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த கிழமை எனக்கு மீண்டும் வவுனியாவுக்குப் போக வேண்டியிருக்கிறது. விளக்குச் சரியாகிவிட்டது என்று எவ்வளவோ சொல்லியும், பொழுதுபட முன்னர் திரும்பிவிட வேண்டும் என்பது மனைவியின் கட்டளை.