நீராவி முகமூடியும் உயிர்க் கவசமும்

தாராவியின் கிழக்கே மத்திய ரயில்வே, மேற்கே மேற்கு ரயில்வே. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணே நோக்கி நாட்டின் முதல் பயணிகள் ரயில் சென்றது அந்தக் கிழக்குப் பாதையில்தான். அதை இழுத்தவை நீராவி இன்ஜின்கள். அந்தப் பாதையோரம் வாழ்கின்ற, மாதுங்கா ரயில்வே பணிமனையை அண்டை வீடாகக் கொண்ட தமிழ்த் தொழிலாளருக்கு ரயில் பாரம்பரியத்தின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எங்கள் கேள்வி வேறு.

2023 அக்டோபர் 29 அன்று ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்தில் ஒரு பயணிகள் ரயில்மீது பின்னால் வந்த இன்னொரு பயணிகள் ரயில் மோதி 14 பேர் மாண்டனர். அப்பாதையில் 'கவச்' கருவி இல்லை. இரண்டே நாள் கழித்து, அக்டோபர் 31 அன்று, குஜராத்தின் ஏக்தா நகரில் பிரதமர் பாரம்பரிய ரயிலுக்குக் கொடியசைத்தார். அதன் இன்ஜின் ஓடுவது மின்சாரத்தில். தோற்றம் மட்டுமே நீராவி! விபத்தின் பழியோ இறந்துபோன ஓட்டுநர் தலையில்.

சிவப்பு சிக்னலை ரயில் தாண்ட முனைந்தால் தானே பிரேக் பிடிப்பது கவச். மனிதர் களைப்படைவர், தவறுவர் என்பதால்தான் அந்தக் கருவியே உருவாயிற்று. பாதையில் அதை நிறுவ கிலோமீட்டருக்குச் சுமார் 50 லட்சம் ரூபாய், இன்ஜினுக்குச் சுமார் 80 லட்சம் என்பது அரசே நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு. மலைப்பாதைகளுக்கும் பாரம்பரியப் பாதைகளுக்கும் 35 ஹைட்ரஜன் ரயில்கள், ஒவ்வொன்றும் 80 கோடி என்பதும் அதே அரசின் திட்டம். அப்படி ஒரு ரயிலின் விலையில் 160 கிலோமீட்டர் பாதைக்கோ நூறு இன்ஜின்களுக்கோ கவச் பொருத்தலாம். ஆனால் 2024 இறுதியில் அது எட்டியிருந்த பாதை வெறும் 1,548 கிலோமீட்டர். நாட்டின் இருப்புப்பாதையில் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை.

அப்படியானால் பழைய இன்ஜின்களைக் காட்சிக்கூடத்தில் பூட்டிவிடுவதா? இல்லை. பிரிட்டனில் 2015 மார்ச் 7 அன்று வூட்டன் பாசெட் சந்திப்பில் ஒரு நீராவிச் சுற்றுலா ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டி நின்றது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்துக்கு முன்புதான் அவ்விடத்தை ஓர் அதிவேக ரயில் கடந்திருந்தது. தானாகப் பிரேக் பிடிக்கும் கருவியை ஊழியர்களே முடக்கியிருந்தது தெரியவந்தது. இயக்கிய நிறுவனம் சில வாரங்கள் தடைசெய்யப்பட்டது; பின்னர் இரண்டு லட்சம் பவுண்டு அபராதமும் கட்டியது. பழைமைக்கு விதிவிலக்கு இல்லை என்பதே அதன் பாடம். விதிக்கு உட்பட்டு நீராவி ரயில்கள் அங்கே இன்றும் ஓடுகின்றன.

மும்பை மின்ரயில்களில் சிவப்பைத் தாண்டினால் பிரேக் பிடிக்கும் எச்சரிக்கைக் கருவி நெடுங்காலமாக உண்டு. செம்பூரிலிருந்து வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு அந்தக் காவல் இருக்கிறது. அதே தொழிலாளி பொங்கலுக்குத் தாதரில் திருநெல்வேலி ரயில் ஏறும்போது, வழிநெடுக அது ஏன் இருக்கக்கூடாது?

கவச் நிறுவும் பணிக்குப் பாதைவாரியாகக் கெடு அறிவிக்கப்பட வேண்டும். விபத்துக்கு ஓட்டுநரைப் பலியாடாக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பாரம்பரிய இன்ஜின் ஓடட்டும். அதற்கு முன், அந்த இன்ஜின்களை உருவாக்கிய உழைக்கும் வர்க்கம் உயிரோடு ஊர்போய்ச் சேரட்டும்.