நேர்த்திக்கடன் இல்லாத காணிக்கை

எங்க ஊர் சமயபுரம். காணிக்கை என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கண் வலித்தால் கண்மலர், கால் வலித்தால் வெள்ளியில் கால் உரு, அம்மை இறங்கினால் மாவிளக்கு. ஆனால் கவனியுங்கள், இதெல்லாம் நம்ம வீட்டு நோய்க்காக நாம் கொடுப்பது. முன்பின் தெரியாத ஒருவருக்கு நாளைக்கு வரப்போகும் நோய்க்கு இன்றைக்கே கொடுப்பவர்கள் உண்டா? உண்டு.

1981-ல் ஏழு பேர் சேர்ந்து இன்ஃபோசிஸைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கிரிஸ் கோபாலகிருஷ்ணன். அவரும் மனைவி சுதாவும் தங்கள் பிரதீக்ஷா அறக்கட்டளை மூலம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் அமைக்க, பத்து ஆண்டுகளில் 225 கோடி ரூபாய் தர 2014-ல் முன்வந்தார்கள். வயதானால் மூளை ஏன் தளர்கிறது, மறதி நோய் யாருக்கு வருகிறது என்பதே அங்கே ஆராய்ச்சி.

எனக்குப் பிடித்தது அந்த மையத்தின் கட்டடம் இல்லை. கோலார் மாவட்டம் சீனிவாசபுரா பக்கத்துக் கிராமங்களில் 45 வயது தாண்டிய 10,000 பேரைச் சேர்த்து, வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கும் திட்டம்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் உண்டு.

அது ஏன் பெரிய விஷயம்? எங்க அப்பாயி கோயில் வாசலில் பூ விற்றது. கையெழுத்துப் போடத் தெரியாது. இப்போ முழம் போடும்போது எண்ணிக்கை தவறுகிறது, என்னைப் பார்த்து "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்கிறது. ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். "வயசானா அப்படித்தான்" என்று முடித்துவிட்டார். பேப்பரில் கடிகாரம் வரையச் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறதாம். பேனாவே பிடிக்காத கைக்கு அது எப்படிப் பொருந்தும்? நல்லா இருந்த காலத்திலும் அப்பாயி அதில் ஃபெயில்தானே! படிக்காத கிராமத்து ஜனங்களின் மூளையையும் கணக்கில் எடுத்தால்தான் அவர்களுக்கான வைத்தியம் வரும்.

இவர்கள் மட்டுமல்ல. மைண்ட்ட்ரீ கம்பெனியைத் தொடங்கியவர்களில் சுப்ரதோ பாக்சி–சுஷ்மிதா, பார்த்தசாரதி–ராதா தம்பதியர் அதே கழகத்தில் 800 படுக்கை மருத்துவமனைக்கும் மருத்துவப் பள்ளிக்கும் 2022-ல் 425 கோடி அறிவித்தார்கள்.

"எல்லாம் வரி மிச்சம், விளம்பரம்டா" என்று கேன்டீனில் ஒரு நண்பன் சொன்னான். இருக்கட்டுமே! கோயில் டியூப் லைட்டில் 'உபயம்' எழுதாதவர் யார்? என் வருத்தம் வேறு. நாலு பணக்கார வீட்டார் மனசு வைத்தால்தான் ஆராய்ச்சி என்றால், அவர்கள் மனசு மாறினால் என்ன ஆகும்? அரசாங்கம் முதலில் நிற்க வேண்டும். தம்பதியர் பின்னால் வரட்டும்.

நமக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? சென்னை ஐ.ஐ.டி.யில் சுதா பெயரில் உள்ள மூளை மையம், கருவில் வளரும் மனித மூளையின் 5,132 வெட்டுகளைப் படமாக்கி, உலகமே இலவசமாகப் பார்க்க 2024-ல் வெளியிட்டது. உறைய வைப்பது, மெல்லிசாகச் சீவுவது, படம் பிடிப்பது எல்லாம் இயந்திர வேலை. டிப்ளமோக்காரன் கைக்கும் அதில் இடம் உண்டு.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. அடுத்த என்.எஸ்.எஸ். முகாமை மண்ணச்சநல்லூர் வட்டத்திலேயே போடுவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தாரைக் கேட்டு, மறதியால் தவிக்கும் பெரியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தெருத் தெருவாகக் கணக்கெடுத்துக் கொடுப்போம். முதல் தெருவாக எங்க தெருவை எழுதிக்கொள்ளுங்கள்.