இடுப்பு நோவும் நமது கடமையும்

நமது அங்கத்தினர்களில் இடுப்பு நோவை அறியாதவர் அரியர். வெண்ணந்தூர் நெசவாளர் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, முதுகுக்குச் சாய்வின்றி, பகல் முழுதும் பாவின்மேல் குனிந்திருக்கிறார். குடியானவரோ மரவள்ளிக் கிழங்கைக் குனிந்து பிடுங்கி, மூட்டையைத் தூக்கி வண்டியேற்றுகிறார். இருவருக்கும் வலி கண்டவுடன் வீட்டார் கூறும் யோசனை ஒன்றே: "அசையாமல் படுங்கள்." இந்த யோசனையை நாம் கைவிட வேண்டும்.

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. வெளியே நார் வளையம். உள்ளே கூழ் போன்ற பொருள். வளையம் நைந்து உட்பொருள் பிதுங்கி நரம்பை உறுத்தினால், வலி கால்வரை இறங்கும். "தட்டு நழுவிற்று" என்று கேட்டு எலும்பே இடம் பெயர்ந்ததாகப் பலர் அஞ்சுகின்றனர். அது நழுவுவதில்லை, பிதுங்குகிறது. பிதுங்கியதும் பெரும்பாலும் நாளடைவில் தானே சுருங்குகிறது.

1999-ல் நெதர்லாந்து நாட்டு மருத்துவர்கள், இவ்வாறு கால்வரை வலி இறங்கிய 183 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு சாரார் இரண்டு வாரம் படுக்கையில் இருந்தனர். மற்றவர் இயன்றமட்டும் நடமாடினர். பன்னிரண்டு வாரங்களில் இரு சாராரிலும் நூற்றுக்கு 87 பேர் முன்னேற்றம் கண்டதாகக் கூறினர். படுத்தோர் அடைந்த தனி நன்மை யாதுமில்லை. நம்மவர்க்கோ படுத்த நாள் கூலியற்ற நாள்.

"தறிதானே நோவைத் தந்தது, அதிலேயே அமரச் சொல்வதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முன்போல் இடைவிடாது அமர வேண்டுமென்று நாம் கூறவில்லை. அரைமணிக்கொருமுறை குழியைவிட்டு எழுந்து சற்று நடத்தல், கடும் வலியுள்ள நாட்களில் பாரம் தூக்காதிருத்தல், பிறகு தூக்கும்போது முழங்காலை மடக்கிச் சுமையை உடலோடு அணைத்து எடுத்தல், இடுப்பை முறுக்காதிருத்தல் ஆகியவை போதும். ஆனால் கால் வலுவிழந்தாலோ, மறைவிடம் மரத்தாலோ, சிறுநீர் கட்டினாலோ, மலசலம் அடங்காது போனாலோ, ஒரு நாளும் தாமதியாமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எனினும், முழக்கணக்கில் கூலி பெறுவோரிடம் "அடிக்கடி எழுந்து நடங்கள்" என்பது எளிது. எழுந்த நேரத்திற்கு ஈடு செய்வார் யார்? இங்கேதான் சங்கத்தின் கடமை தொடங்குகிறது. நோயுற்ற அங்கத்தினருக்குப் பாதிப் பாவு கொடுத்து, தவணையை நீட்டலாம். துணி மடித்தல், சரிபார்த்தல் முதலிய நின்று செய்யும் வேலைகளைச் சில வாரங்கள் அளிக்கலாம். நெய்த அளவு குறைந்ததென்று அவரை ஒதுக்காதிருக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை, மனமே வேண்டும்.

வருகின்ற மகாசபையில் அங்கத்தினர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறோம். வலியை மறைத்து நெய்பவர் நம்மிடையே பலர். வாய்திறந்து சொன்னால் பிழைப்புப் போகாது என்ற உறுதியை முதலில் அவர்களுக்கு அளிப்போம்.