ஓடவிடாத ஊரும் உறங்காத பிள்ளையும்

“இருந்த இடத்தில் இராத பிள்ளை” என்பது யாழ்ப்பாணத்து வகுப்பறைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் குற்றச்சாட்டு. அதற்குரிய தண்டனையும் ஆசிரியர்களாகிய நாம் அறிந்ததே. விளையாட்டுப் பாடவேளையில் அப்பிள்ளை வகுப்பிலேயே இருத்தப்படுகிறான். மற்றவர்கள் மைதானத்தில் ஓடியாடும் ஓசையைக் கேட்டபடி, முடிக்காத கணக்கை அவன் முடிக்கவேண்டும். உடலசைவு எவனுக்கு உணவைப் போல் இன்றியமையாததோ அவனிடமிருந்தே அதனைப் பறித்துவிட்டு, அப்பறிப்புக்கு ‘ஒழுக்கம்’ என்று பெயரும் சூட்டியிருக்கிறோம்.

ஓட்டிசம், கவனக்குறைவு மிகையியக்கம் முதலிய நரம்பு வளர்ச்சி வேறுபாடுகளையுடைய பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறோம். இவர்கள் எங்கோ ஓரிருவர் அல்லர். குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, 93 பேருக்கு ஒருவர் ஓட்டிசமுடையவர் எனக் கண்டது. அக்கணக்கின்படி ஆயிரம் பிள்ளைகளுக்கு ஏறத்தாழப் பதினொரு பேர்.

இப்பதினொரு பேரின் இரவுகளை யார் எண்ணிப் பார்த்தார்கள்? ஓட்டிசமுள்ள பிள்ளைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் நித்திரைக் குறைபாட்டால் அல்லலுறுகின்றனர் என்பது பல நாட்டு ஆய்வுகளின் முடிவு. படுத்தும் உறக்கம் வராது. வந்தாலும் நள்ளிரவிலே விழிப்பு. இரவிலே தூங்காதவன் பகலிலே மேலும் அமைதியிழக்கிறான். அமைதியிழந்ததற்காக விளையாட்டை இழக்கிறான். விளையாட்டை இழந்ததனால் மறுபடியும் தூக்கத்தை இழக்கிறான். அவனோடு விழித்திருக்கும் தாயோ, விடிந்ததும் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகவேண்டியவள். “பிள்ளை வளர்க்கத் தெரியாதவள்” என்ற பட்டத்தை ஊர் அவளுக்கு இலவசமாக வழங்குகிறது. பணமுள்ளவர் கொழும்புக்குக் கொண்டுசென்று சிகிச்சையை விலைக்கு வாங்குவர். இவளுக்குக் கிடைப்பது கண்ணூறு கழித்தலும் கையிலே நூல் கட்டலுமே.

விஞ்ஞானம் கூறுவது யாது? பகலொளி உடலின் உள்கடிகாரத்தை ஒழுங்குசெய்கிறது. உடலுழைப்பு உறக்கத்துக்கான நாட்டத்தைப் பெருக்குகிறது. ஹொங்கொங்கில் ஓட்டிசமுள்ள 40 பிள்ளைகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்கு 12 வாரம் கூடைப்பந்துப் பயிற்சி அளித்தனர். அவர்களது உறக்கம் மேம்பட்டது. தம்மைத் தாமே கட்டுப்படுத்தும் ஆற்றலும் வளர்ந்தது என 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறிய ஆய்வுதான். ஓட்டம் ஓட்டிசத்தை நீக்கும் மந்திரமுமன்று. மருத்துவரின் துணை வேண்டிய பிள்ளைகளும் உளர். ஆயினும் ‘ஒழுக்கம்’ என்ற பெயரால் நாம் அடக்க முயல்வதை ஒரு பந்து வளர்த்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்! 5 முதல் 17 வயது வரையானோர்க்கு, உடற்குறையோ வளர்ச்சி வேறுபாடோ உடையவர் உட்பட, நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் விதித்தது.

அந்த அறுபது நிமிடம் குடாநாட்டில் எங்கே இருக்கிறது? விடியலில் ரியூசன், பகலிற் பாடசாலை, மாலையில் மீண்டும் ரியூசன். தரம் ஐந்துப் புலமைப்பரிசிலின் பெயரால் கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் ஒழுங்கைகளிலிருந்து விரட்டப்பட்டன. துலா மிதித்து இறைத்த பாட்டனின் பேரன் வியர்வையை இழிவென்று கற்றது, வெள்ளைக்காரன் இட்ட எழுதுவினைஞர் நாற்காலியிலிருந்தபடிதான். இத்தனைக்கும், 1904 முதல் ‘வடக்கின் பெரும் போர்’ என்று துடுப்பாட்டத்தைத் திருவிழாவாக்கிய பட்டினம் இது! வெல்லப் பிறந்தவனுக்கு மைதானம் உண்டு. உறங்குவதற்காக ஓடவேண்டியவனுக்கு இல்லை.

“ஆளில்லை, நேரமில்லை, விழுந்தால் யார் பொறுப்பு?” என்று சக ஆசிரியர்கள் கேட்கலாம். ஆட்பற்றாக்குறை உண்மையே. ஆனால் மாற்றுத்திறனுடைய பிள்ளைகள் பாடசாலையிலும் பிறரோடு சமமாக விளையாட உரிமையுடையவர் என்று கூறும் ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுக் கையொப்பத்தை உறுதிசெய்தது. உரிமைக்கு ஆள் ஒதுக்குவது அரசின் கடமை. கேட்டுப் பெறுவது நம் சங்கங்களின் கடமை. 2021இல் சம்பள முரண்பாட்டுக்கெதிராக மாதக்கணக்கிற் போராடிய ஆசிரிய சமூகத்துக்குக் கேட்கத் தெரியாதா?

ஆள் வரும்வரை காத்திருக்கவேண்டியதுமில்லை. விளையாட்டைத் தண்டனைக்காகப் பறிப்பதை நாளைக் காலையே நிறுத்தலாம். அதற்குச் சுற்றுநிருபம் வேண்டியதில்லை. அடுத்த தவணைக்கு நேரசூசி வரையும்போது, வெயில் ஏறுமுன் அரைமணி நேரத்தை ஒதுக்கலாம். விசிலோசைக்கு அஞ்சும் பிள்ளைக்கு விசில் வேண்டாம்; கூட்டத்தோடு ஓட இயலாதவன் வேலியோரமாகத் தனியே ஓடட்டும். ஒரு பந்து, ஒரு கயிறு, பார்த்துக்கொண்டு நிற்க ஓர் ஆசிரியர். முதல் தவணைக்கு இவை போதும்.