கட்டுநாயக்காவில் குடியிருப்பவர் யார்?

கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலப் பறப்பு என்கிறார்கள் பயண முகவர்கள். கணக்கு சரிதான். ஆனால் அது கட்டுநாயக்காவில் குடியிருப்பவருக்கான கணக்கு. கல்முனையிலோ நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ இருப்பவர் அந்த ஒன்றேகால் மணித்தியாலத்துக்காக முதலில் 300 கிலோமீற்றருக்கும் கூடுதலான தரைவழியைக் கடந்தாக வேண்டும். மஹியங்கனை வளைவுகளால் போனாலும், பொலன்னறுவை, ஹபரணை வழியே யானைகளுக்கு அஞ்சிப் போனாலும் ஏழெட்டு மணித்தியாலம் கழிகிறது.

வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். கட்டுநாயக்காவிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 650 கிலோமீற்றர். கல்முனையிலிருந்தும் ஏறத்தாழ அதே தூரம்தான். மட்டக்களப்பு விமான நிலையத்திலிருந்தோ சுமார் 610 கிலோமீற்றர். அதாவது கட்டுநாயக்காவை விடக் குறைவு! நாம் தூரத்தில் இல்லை, தூரமாக்கப்பட்டிருக்கிறோம்.

டோஹாவுக்குப் பறக்க ஐந்து மணித்தியாலம் போதும். அந்த விமானத்தைப் பிடிக்க ஓடும் ஓட்டம் அதைவிட நீண்டது. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் செல்லும் சகோதரியும், உம்ராவுக்குப் புறப்படும் வயோதிபத் தம்பதியும், சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகும் இருதய நோயாளியும் வாடகை வானில் இரவு முழுவதும் குலுங்கிக்கொண்டு போகிறார்கள். வான் கூலி எத்தனை பேரின் ஒரு மாத உழைப்பை விழுங்குகிறது என்று எந்தத் திட்டமிடலாளரும் கணக்கெடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இத்தனைக்கும் கல்முனையிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் மட்டக்களப்பில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. 2016இல் புதுப்பித்துத் திறந்து வைத்தார்கள். பின்னர் பெயரில் 'சர்வதேசம்' என்ற சொல்லையும் சேர்த்தார்கள். சொல் வந்தது, விமானம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் 2019 ஒக்டோபரில் பலாலி திறக்கப்பட்டு, அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் இறங்கியது. கொரோனாவால் நின்றுபோன சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024இல் இரண்டாவது நிறுவனமும் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தவர் மீது எமக்குப் பொறாமை இல்லை. அங்கே இறங்கும் ஏரிஆர் ரக விமானத்துக்குப் பெரிய ஓடுபாதை தேவையில்லை என்பதைத்தான் சுட்டுகிறேன்.

பயணிகள் போதாது என்பார்கள். 2013இல் மத்தளையில் மூன்றரைக் கிலோமீற்றர் ஓடுபாதை போட்டபோது இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எங்கே போனார்கள்? கடல் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் எந்தெந்த மாவட்டத்தவர் என்ற விபரம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் இருக்கிறது. எடுத்துப் பார்க்கட்டும்.

சிறிய விமானம் டோஹாவுக்குப் பறக்காது என்பது எனக்கும் தெரியும். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஓர் இணைப்புச் சேவை, சென்னைக்கு வாரம் இரண்டு சேவை. ஆறு மாதம் பரீட்சித்துப் பார்ப்பதில் அரசாங்கம் கவிழ்ந்துவிடப் போவதில்லை.

நமது பாராளுமன்ற உறுப்பினர்களையும் விட்டுவிட மனமில்லை. தேர்தல் மேடையில் கல்முனைக்கே விமான நிலையம் தருவதாகச் சொல்லத் தயங்காதவர்கள் இவர்கள். புதிதாக ஒன்றும் வேண்டாம் ஐயா. இருக்கின்ற ஓடுபாதையில் சர்வதேசப் பயணிகள் சேவை ஏன் இல்லை என்று சபையில் ஒரு வாய்மூலக் கேள்வி கேளுங்கள். அமைச்சர் தரும் பதிலை அச்சில் கொண்டுவரும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.